கரையாத மருந்தில் ஆற்றல் இருக்கிறதா?

பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் இட்ராகோனசோல் என்ற மருந்து, நடுநிலையான நீரில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோகிராம்தான் கரைகிறது. ஒரு மாத்திரையளவான 100 மில்லிகிராமை அப்படிப்பட்ட நீரில் முழுதும் கரைக்க ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். வயிற்றின் அமிலத்தில் அது இதைவிட நன்றாகக் கரையும் என்பது உண்மை. ஆனால், மாத்திரையோடு குடிக்கும் நீர் என மருந்தியலார் கணக்கில் கொள்வது 250 மில்லிலிட்டர்தான். அமிலத்தின் உதவி இருந்தும் அந்த அளவுக்குள் இந்த மருந்து அடங்குவதில்லை. இத்தனைக்கும் அதன் படிகப் பொடியைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தால் ஒரு குறையும் தென்படாது. மூலக்கூறு சரி, தூய்மை சரி, எடை சரி. பூஞ்சையின் செல்சவ்வைக் குலைக்கும் திறன் அந்த மூலக்கூறின் அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பொடியை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதி குடலைக் கடந்து வெளியேறிவிடும். இப்படிக் கரைய மறுக்கும் மருந்துகள் இன்றைய மருந்தியலின் பெருந்தலைவலி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அது மருந்தியலைவிட மிகப் பழையது. வெளிப்பட வழியில்லாத ஆற்றலை ‘இருக்கிறது’ என்று சொல்லலாமா? இருப்பது வேறு, வெளிப்படுவது வேறு என்றால், வெளிப்பாடு இருப்போடு எதையாவது புதிதாகச் சேர்க்கிறதா, அல்லது ஏற்கெனவே உள்ளதன் திரையை விலக்குகிறதா? இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்ட இந்தக் கேள்விக்கு, இன்றைய மருந்துத் தயாரிப்பு அளந்து பார்க்கக்கூடிய ஒரு சான்றைத் தருகிறது என்பதும், அந்தச் சான்று இரு தரப்பையும் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சான்று. கரையாத மருந்தைக் கரைய வைக்கும் வழிகளில் ஒன்று ஸ்பிரே ஃப்ரீஸ் டிரையிங், அதாவது கரைசலைத் தெளித்து, உறைய வைத்து, உலர்த்துவது. மருந்தையும் அதற்குத் துணையாக ஒரு பாலிமரையும் ஒரு கரைப்பானில் கரைக்கிறார்கள். மருந்து வெறும் நீரில் கரையாது என்பதால் டெர்ட்-பியூட்டனால் போன்ற ஒரு கரிமக் கரைப்பானை நீரோடு கலந்துகொள்வதுண்டு. அந்தக் கரைசலை நுண்துளை வழியாக மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனுக்குள் பீய்ச்சுகிறார்கள். நுண்துளிகள் கண்ணிமைப்பதற்குள் உறைந்துவிடுகின்றன. உறைந்த துளிகளைப் பிறகு வெற்றிடக் கலத்தில் வைக்கிறார்கள். 611 பாஸ்கலுக்குக் கீழே அழுத்தம் இறங்கிவிட்டால் பனிக்கட்டி நீராக உருகாமல் நேராக ஆவியாகிவிடும். கடைசியில் மிஞ்சுவது எடையற்றது போலிருக்கும் துளைமயமான ஒரு பொடி. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வில்லியம்ஸ், கீத் ஜான்ஸ்டன் ஆகியோரின் குழுக்கள் 2000களின் தொடக்கத்தில் தெளிக்கும் முனையையே திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கவைத்தன. மேலிருந்து விழும் துளியைக் கொதிக்கும் நைட்ரஜனின் ஆவிப்படலம் சூழ்ந்துகொண்டு குளிர்ச்சியைத் தாமதப்படுத்தும். உள்ளேயே தெளித்தால் அந்தத் தாமதம் குறையும். டனசோல், கார்பமசெபின் போன்ற மருந்துகளை இப்படிச் செய்தபோது, சாதாரணப் பொடி மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்தப் பொடி சில நிமிடங்களிலேயே ஏறத்தாழ முழுதும் கரைந்தது.

இங்கே நடந்தது என்ன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தத்துவக் கேள்வியின் எடை முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஒரு திடப்பொருள் கரையும் வேகம், கரையக்கூடிய உச்ச அளவுக்கும் இப்போது கரைந்திருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து அமைகிறது என்று 1897இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஆர்தர் நாய்ஸும் வில்லிஸ் விட்னியும் காட்டினார்கள். திரவத்தைத் தொடும் அதன் பரப்பையும் அந்த வேகம் பொறுத்தது என்பது பின்னர் அதோடு சேர்ந்தது. உறைபனி இருந்த இடமெல்லாம் துளையாகிவிட்டதால் பரப்பு பலமடங்கு பெருகுகிறது. அதோடு, படிகமாக அடுக்கப்பட்ட மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்க ஆற்றல் செலவாகும். மின்னல் வேகத்தில் உறையும் துளியில் மூலக்கூறுகளுக்குப் படிகமாக ஒழுங்குபட நேரமில்லை. கரைசலில் எந்த நிலையில் சிதறிக் கிடந்தனவோ ஏறத்தாழ அந்த நிலையிலேயே அவை நிலைத்துவிடுகின்றன. இந்தப் படிகமற்ற திடத்திலிருந்து மூலக்கூறை விடுவிப்பது எளிது. கூடவே வந்த பாலிமர் அவை மீண்டும் அணிசேர்ந்து படிகமாவதைத் தடுக்கிறது. இத்தனை காரியத்திலும் மருந்தின் மூலக்கூறில் ஒரு பிணைப்பும் அறுபடவில்லை, ஒன்றும் புதிதாகச் சேரவில்லை. மாறியது இடமும் அண்டையும் ஒழுங்கும் மட்டுமே. கரைதலை விரைவுபடுத்தும் துளைகளோ, ஒரு பொருள் இல்லாமற்போனதன் தடயங்கள். இன்மையையும் ஒரு தனிப் பதார்த்தமாக எண்ண வேண்டும் என்று பிற்கால வைசேடிகர் வாதிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பனி போன இடம் இங்கே வேலை செய்கிறது.

இப்போது பழைய வழக்குக்கு வரலாம். காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் இருக்கிறது என்பது சாங்கியரின் நிலைப்பாடு. சற்காரியவாதம் என்று அதைச் சொல்வார்கள். குடம் மண்ணில் முன்பே உள்ளது, குயவன் செய்வது அதை வெளிப்படுத்துவது மட்டுமே. இல்லாத ஒன்றை யாராலும் உண்டாக்க முடியாது. முடியுமென்றால் எதிலிருந்து வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் வரலாமே என்பது அவர்களின் வலுவான தர்க்கம். தமிழ்ச் சைவ சித்தாந்தமும் இந்தத் தரப்பில்தான் நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் இயற்றிய சிவஞானபோதம், உலகம் ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் தோன்றுகிறது என்று வாதத்தைத் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர், நியாய வைசேடிகரை மறுத்து இந்த நிலைப்பாட்டை நிறுவினார். நியாய வைசேடிகர் சொல்வது இதற்கு நேரெதிர். குடம் ஒரு புதிய பொருள். மண்ணால் செய்ய முடியாத வேலையை, நீர் முகக்கும் வேலையை, குடம் செய்கிறது. ஆகவே அது முன்பு இல்லாமலிருந்து இப்போது உண்டானது. இது அசற்காரியவாதம். இந்த இரு தரப்பாரும் மூலக்கூறுகளையோ படிகங்களையோ அறிந்திருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அவர்களுக்கும் பெருமையல்ல, அறிவியலுக்கும் நியாயமல்ல. அவர்கள் விட்டுச்சென்றது ஒரு கேள்வியின் கூர்மை. அந்தக் கூர்மையோடு மருந்துப் பொடியை அணுகினால் என்ன கிடைக்கிறது என்பதுதான் இங்கு பார்க்க வேண்டியது.

முதல் பார்வையில் வழக்கு சாங்கியர் பக்கம் தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். உறைய வைப்பது எந்தப் பொருளையும் மருந்தாக்கிவிடாது. வெறும் சர்க்கரைக் கரைசலை எத்தனை முறை திரவ நைட்ரஜனில் தெளித்து உலர்த்தினாலும் அது பூஞ்சையைக் கொல்லப் போவதில்லை. பூஞ்சையைக் கொல்லும் திறன் இட்ராகோனசோல் மூலக்கூறில் உள்ளது; தயாரிப்பாளர் அதற்கு வாசல் திறந்துவிடுகிறார், அவ்வளவுதான். படர்தாமரைக்குத் தரப்படும் கிரைசியோஃபுல்வின் என்ற மருந்தின் வரலாறும் இதையே காட்டுவதுபோல் இருக்கிறது. அதை நுண்துகளாக அரைத்தபோது பழைய அளவில் பாதியே போதும் என்று 1960களின் தொடக்கத்தில் தெரியவந்தது. பாதி மருந்து முழு மருந்தின் வேலையைச் செய்தது என்றால், முன்பு கொடுத்ததில் பாதியின் ஆற்றல் வெளிவராமல் கிடந்தது என்றுதானே பொருள்? ஆற்றல் முன்பே இருந்தது, வெளிப்பாடு பின்னால் வந்தது. சற்காரியவாதி இதைவிட வேறு சான்று கேட்க மாட்டார்.

ஆனால் இதே மருந்தியல் வரலாற்றில் வேறு வகைச் சான்றுகளும் இருக்கின்றன. குளோராம்பெனிகால் பால்மிடேட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வடிவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிக அமைப்புகள் உண்டு. ஓர் அமைப்பில் அது உடலில் வேலை செய்கிறது. இன்னோர் அமைப்பில் ஏறத்தாழச் செயலற்றுக் கிடக்கிறது. 1960களில் இது தெளிவானது. இதைவிடப் பெரிய பாடம் 1998இல் கிடைத்தது. எச்ஐவி நோயாளிகளுக்காக அபாட் நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரிட்டோனவிர் காப்ஸ்யூல்கள், இரண்டு ஆண்டு கழித்துக் கரைதல் சோதனையில் திடீரென்று தோற்கத் தொடங்கின. அதுவரை யாரும் கண்டிராத, இன்னும் உறுதியான, மிகக் குறைவாகக் கரையும் ஒரு படிக வடிவம் உள்ளே உருவாகியிருந்தது. அந்த இரண்டாம் வடிவத்தின் துகள்கள் ஓர் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டால் அங்கே பழைய வடிவத்தைத் தயாரிப்பதே கடினமாயிற்று. காப்ஸ்யூல்கள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. நோயாளிகள் சுவை பொறுக்க முடியாத திரவ மருந்துக்கு மாற வேண்டிவந்தது. மூலக்கூறின் வேதிவாய்பாடு கடைசிவரை மாறவேயில்லை. மாறியது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட முறை. அந்த ஒரு மாற்றத்தால் மருந்து மருந்தாக இல்லாமற்போனது. இதை வெறும் திரை விழுந்ததாகச் சொல்லிவிட முடியுமா?

நியாயவாதிகள் சாங்கியரை மடக்கக் கேட்ட கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது. காரியம் முன்பே உள்ளது, வெளிப்படுவது மட்டும்தான் பாக்கி என்கிறீர்களே, அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா, இல்லையா? முன்பே இருந்தது என்றால் குயவனுக்கு வேலையே இல்லை. முன்பு இல்லை என்றால், இல்லாத ஒன்று உண்டானது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். மருந்துப் பொடி இந்தக் கேள்வியைப் பொய்யாக்கவில்லை, இன்னும் இறுக்குகிறது. படிகத்தில் இல்லாத ஒரு கரைவேகம் உலர்ந்த துளைமயப் பொடியில் உள்ளது. அது அளவிடக்கூடியது, திரும்பத் திரும்பக் காட்டக்கூடியது. அது எங்கிருந்து வந்தது? மூலக்கூறிலிருந்து மட்டும் வந்தது என்றால் படிகத்திலும் இருந்திருக்க வேண்டும். உறைய வைத்தலிலிருந்து மட்டும் வந்தது என்றால் சர்க்கரைக்கும் மருந்துக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. இரண்டுமே உண்மையல்ல. ஆக ஆற்றலை மூலப்பொருளின் சொத்தாகவும் வடிவத்தை அந்தச் சொத்தின் பெட்டியாகவும் எண்ணும் பழக்கத்தில்தான் பிழை இருக்கிறது. பிணி நீக்கும் ஆற்றல் என்பது மூலக்கூறு, அதன் அமைப்பு, அதை ஏற்கும் உடல் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. மூன்றில் எது விலகினாலும் மிஞ்சுவது ஒரு சாத்தியம் மட்டுமே. சைவ சித்தாந்தமே இதற்கு வேண்டிய கருவியைத் தந்திருக்கிறது: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். சற்காரியவாதத்தைக் கைக்கொள்வோர் முதற்காரணத்தில் மயங்கி மற்ற இரண்டையும் உபசாரமாக்கிவிடுவதுண்டு. மருந்து வரலாறு அந்த இரண்டுக்கும் சம இடம் கேட்கிறது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு வேதியியலாரிடமிருந்து வரும். கரைந்த பிறகு எல்லா வடிவமும் ஒன்றுதானே? படிகத்திலிருந்து வந்த ரிட்டோனவிர் மூலக்கூறும் துளைமயப் பொடியிலிருந்து வந்ததும் இரத்தத்தில் வேறுபாடின்றி ஒரே காரியத்தைச் செய்யும். வடிவம் வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்துபோவதை ஆற்றலின் பங்காளி என்பது மிகை. மறுப்பின் முதல் பாதி முற்றிலும் சரி. ஆனால் உடல் கரைசலுக்காகக் காத்திருக்கும் கோப்பையல்ல. அது ஓடிக்கொண்டிருக்கும் ஒழுங்கு. சிறுகுடலில் மருந்து தங்கும் நேரம் சில மணிகளே. அதற்குள் கரையாதது உறிஞ்சப்படாது. அதற்கும் மேலே, படிகமற்ற திடம் நீரில் இறங்கும்போது, படிகத்தால் ஒருபோதும் எட்ட முடியாத செறிவை ஒரு சிறு கால இடைவெளிக்கு எட்டுகிறது. பாலிமர் அந்த இடைவெளியை நீட்டிப் பிடிக்கிறது. ஆகவே வடிவம் தன் உருவை இழந்த பிறகும் அதன் விளைவு கரைசலில் தொடர்கிறது. 1968இல் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் காப்ஸ்யூலில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை மாற்றி லாக்டோஸ் சேர்த்தபோது, அதே அளவு மருந்தை உட்கொண்ட நோயாளிகளுக்கு நஞ்சேறிய அறிகுறிகள் தோன்றின. லாக்டோஸ் மருந்தல்ல, மருந்தின் மூலக்கூறும் மாறவில்லை. ஆனால் உடலுக்குக் கிடைத்த அளவு மாறியது. குணப்படுத்தும் எல்லைக்கும் கெடுக்கும் எல்லைக்கும் நடுவே இருந்த கோடு தாண்டப்பட்டது. கோட்டைத் தாண்ட வைத்ததை வெறும் வாகனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது மறுப்பு தத்துவத்துக்குள்ளிருந்தே வரும். 1970களில் சால் கிரிப்கியும் ஹிலரி பட்னமும் ஒரு பொருளின் சாரம் அதன் நுண்ணமைப்பில் உள்ளது என்று வாதிட்டார்கள். இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் கூடிய மூலக்கூறுதான் நீர், தோற்றமும் சுவையும் அதற்குப் புறம்பானவை. அதன்படி ரிட்டோனவிர் எந்த வடிவிலும் ரிட்டோனவிர்தான். படிகமற்ற பொடியோ நிலையற்றது, விட்டுவிட்டால் மெல்லப் படிகமாகிவிடும். நிலையற்றதை ஒரு தனிப்பொருளாக எண்ணலாமா? இந்த எச்சரிக்கையில் ஒரு மெய் இருக்கிறது. படிகமற்ற வடிவங்களின் கரைதிறன் கோட்பாட்டளவில் 10 முதல் 1,600 மடங்குவரை உயரலாம் என்று 2000இல் ஹான்காக்கும் பார்க்ஸும் கணித்துக் காட்டினார்கள். ஆய்வகத்தில் அளந்தபோதோ கிடைத்தது அதில் சிறு பங்கே, ஏனெனில் அளக்கும்போதே பொருள் படிகமாகிக்கொண்டிருந்தது. ஆனால் நிலையின்மை என்பது இன்மையாகாது. சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைரமும் நிலையற்றதுதான். கிராஃபைட்டே உறுதியான வடிவம். இரண்டும் வெறும் கார்பன். வைரம் கிராஃபைட்டாக மாற எடுத்துக்கொள்ளும் காலம் மனிதக் கணக்குக்கு அப்பாற்பட்டது என்பதால் அதை ஒரு பொருளாக மதிக்கிறோம். மருந்து அலமாரியில் இருக்கும் இரண்டு, மூன்று ஆண்டுகள் படிகமாகாமல் தாங்கும் பொடிக்கும் அதே மதிப்பு உண்டு. நுண்ணமைப்பு என்பதில் மூலக்கூறு மட்டும் அடங்கும், மூலக்கூறுகளின் அணிவகுப்பு அடங்காது என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. சாங்கியர் இதில் நமக்குத் துணை வருவார்கள் என்பது எதிர்பாராத ஒன்று. மூன்று குணங்களும் சமநிலையில் இருக்கும்வரை பிரகிருதியிலிருந்து ஒன்றும் தோன்றாது, சமநிலை குலையும்போதுதான் உலகம் விரிகிறது என்பது அவர்கள் கொள்கை. மிக உறுதியான படிகம் தன்னிறைவோடு அடங்கிக் கிடக்கிறது. அடங்காத வடிவமே உடலுக்கு உதவுகிறது. ரிட்டோனவிர் பிற்காலத்தில் மாத்திரையாக மீண்டும் வந்தபோது, மருந்தைப் பாலிமரில் உருக்கிப் பிழிந்து, படிகமாகாதபடி பிடித்து வைத்த வடிவத்திலேயே வந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றாவது மறுப்பே நடைமுறையில் கனமானது. வடிவம் மாறினால் பொருளே புதிது என்று தத்துவம் சொல்லிவிட்டால், மருந்து நிறுவனங்கள் ஒரே மூலக்கூறின் ஒவ்வொரு படிகத்துக்கும் ஒவ்வொரு துகளளவுக்கும் புதுக் காப்புரிமை கேட்டு, ஏழைகளின் கைக்கு மருந்து எட்டாதபடி செய்துவிடுமே? இது கற்பனைக் கவலையல்ல. சென்னையில் நடந்த வழக்கு. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. 2005இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, உப்பு, படிக வடிவம், துகளளவு முதலியவற்றில் மட்டும் வேறுபடும் வடிவங்களை, பலனளிக்கும் திறனில் கணிசமாக மாறுபடாதவரை, அறியப்பட்ட பழைய பொருளாகவே கொள்ளச் சொல்கிறது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் ஆகியவற்றைத் தாண்டி உச்ச நீதிமன்றம் போய், 2013 ஏப்ரல் 1இல் நோவார்டிஸுக்கு எதிராக முடிந்தது. நன்றாகப் பாய்தல், ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுதல், உறுதியோடிருத்தல் போன்ற குணங்கள் மட்டும் போதாது. நோயைத் தணிக்கும் திறன் கூடியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். உடலுக்குக் கூடுதலாக 30 சதவீதம் கிடைக்கிறது என்ற வாதத்தையும், அந்தக் கூடுதல் சிகிச்சைப் பலனாக மாறியதை ஆய்வுத் தரவால் நிறுவ வேண்டும் என்று சொல்லி ஏற்க மறுத்தது. இந்தத் தீர்ப்பு மேலே சொன்ன வாதத்தை உடைப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது இதே வழியில்தான் நடக்கிறது. மூலக்கூறு ஒன்றே என்பதால் எல்லா வடிவமும் ஒன்று என்று சட்டம் சொல்லவில்லை; வடிவம் வேறு என்பதால் பொருள் புதிது என்றும் சொல்லவில்லை. உடலில் அது என்ன செய்கிறது என்பதைக் கொண்டே ஒன்றா வேறா என்று தீர்மானிக்கச் சொல்கிறது. மூன்றாவது பங்காளியான உடலுக்குத்தான் கடைசிச் சாட்சியம். அதோடு, ஒரு வடிவம் மெய்யாகவே புதிது என்பதிலிருந்து அதன்மேல் ஏகபோக உரிமை தானாக வந்துவிடுவதும் இல்லை. எது இருக்கிறது என்ற கேள்வி வேறு, அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வேறு. இரண்டாவதற்கு நீதியின் அளவுகோல்கள் தனியாக உண்டு.

நான்காவது மறுப்பு, மருந்தை விட்டுவிட்டு முறையைக் குறைகூறும். பொடியைப் பற்றிய சோதனைச்சாலை உண்மையை வைத்து உலகத் தோற்றத்தைப் பற்றிய கொள்கைகளைத் தீர்ப்பது அளவுகடந்த தாவல் அல்லவா? தாவலாக இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சற்காரியவாதத்தை முன்வைத்தவர்களே அதை மண், குடம், நூல், ஆடை, பால், தயிர் என்று கைக்கெட்டும் பொருள்களைக் காட்டித்தான் நிறுவினார்கள். உதாரணத்தின் பலத்தில் நிற்கும் கொள்கை, இன்னும் நுட்பமான உதாரணம் வரும்போது அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. சுடும்போது குடத்தின் நிறம் மாறுகிறதே, அந்த மாற்றம் அணுக்களில் நிகழ்கிறதா, குடம் என்ற முழுமையில் நிகழ்கிறதா என்று வைசேடிகரும் நியாயவாதிகளும் தங்களுக்குள்ளேயே பிரிந்து வாதிட்டார்கள். குடம் அணுக்களாகச் சிதறி, அணுக்கள் மாறி, மறுபடி கூடுகின்றன என்றது பீலுபாகக் கட்சி. முழுமையாக இருக்கும்போதே மாறுகிறது என்றது பிடரபாகக் கட்சி. மருந்துப் பொடியில் கடைசி அலகு மாறாமலேயே கூட்டத்தின் இயல்பு மாறுகிறது. மூலக்கூறைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கூட்டாகப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. பழைய விவாதத்தில் இரண்டாம் கட்சியின் உள்ளுணர்வுக்கு இது பலம் சேர்க்கிறது. ஒப்புமையின் எல்லையையும் மறக்கக் கூடாது. மருந்தின் வடிவம் வேலை முடிந்ததும் அழிகிறது. எல்லா வெளிப்பாடும் அப்படிப்பட்டது என்று இதிலிருந்து முடிவுகட்ட இடமில்லை.

இந்த வரம்போடு, சமயத்தின் எல்லைக்குள்ளும் வாதத்தை ஒரு படி கொண்டுசெல்லலாம். உயிருக்கு இச்சை, அறிவு, செயல் ஆகிய ஆற்றல்கள் இயல்பாகவே உண்டு, ஆணவம் அவற்றை மறைத்து நிற்கிறது, மாயையிலிருந்து கிடைக்கும் உடலும் கருவிகளும் அவற்றை ஓரளவு விளங்கச் செய்கின்றன என்பது சைவ சித்தாந்தத்தின் கொள்கை. மறைக்கும் மலத்தைப் போக்க, கட்டும் பொருளான மாயையின் காரியங்களே உதவுகின்றன என்ற இந்த அமைப்பை மேலோட்டமாகப் படிப்பவர்கள், உள்ளே எல்லாம் இருக்கிறதே, பிறகு சரியை எதற்கு, கிரியை எதற்கு, குரு எதற்கு என்று கேட்பதுண்டு. எல்லாருக்குள்ளும் நன்மை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அது வெளிப்படத் தேவையான கல்வியையோ உணவையோ நீதியையோ பற்றிக் கவலைப்படாத சமூக மனநிலையும் இதே பிழையின் இன்னொரு முகம். உள்ளே இருப்பது போதும் என்ற இடத்தில்தான் சற்காரியவாதம் சோம்பலுக்குச் சாக்காகிறது. வெளிப்பாட்டைச் சின்ன வேலை என்று எண்ணுகிறவர், கரையாத படிகத்தை நோயாளியிடம் கொடுத்துவிட்டு வேதிவாய்பாடு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லும் மருந்தாளரின் நிலையில் நிற்கிறார்.

ஆக, தொடக்கக் கேள்விக்குப் பதில் இப்படி அமைகிறது. கரையாத மருந்தில் ஆற்றல் இருக்கிறதா என்றால், ஒரு நிபந்தனையோடு இருக்கிறது. அந்த நிபந்தனை நிறைவேறும்வரை அதற்கு நோயாளியின் உடலில் பொருளில்லை. உறைய வைத்து உலர்த்துபவர் இல்லாததைப் படைப்பதில்லை என்பதில் சாங்கியரும் சித்தாந்தியும் சரி. அவர் செய்யும் வேலையில் முன்பு இல்லாத ஒன்று உண்டாகிறது என்பதில் நியாயவாதியும் சரி. பொருளுக்கும் அதன் வெளிப்பாட்டுக்கும் நடுவே கோடு கிழித்து, முன்னதை உண்மை என்றும் பின்னதை ஒப்பனை என்றும் பிரித்ததில்தான் இரு தரப்பும் தடுமாறின. வடிவத்தை மெய்ப்பொருளின் பாதியாக ஏற்றுக்கொண்டால், மருந்து செய்பவருக்கும் மருந்தை மதிப்பிடும் சட்டத்துக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கிறது: அந்தப் பொருள் சேர வேண்டிய இடத்தில், சேர வேண்டிய நேரத்துக்குள் என்ன செய்தது? மனிதரைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் பேசும்போது அந்த அளவுகோலைக் கைவிட வேண்டியதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.